காட்டேரிகிட்ட

கலைவாணி என்னைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டது ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான். அவர் இப்போது நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்; பணியில் சேர்ந்த புதிதில் ஈராண்டுகள் எனக்கு அடுத்த மேசையில் அமர்ந்திருந்தவர். ஈப்போவுக்கு வெளியே உள்ள கேளிக்கைப் பூங்கா ஒன்றில், இரத்தம் குடிக்கும் பேய்கள் உலவும் இருட்டுப் புதிர்வழியைத் திறக்கிறார்களாம். வாயிலில் வைக்கும் எச்சரிக்கைப் பலகை நான்கு மொழிகளில் அமைய வேண்டுமாம். தமிழ்ப்பகுதி, பூங்காவில் வேலை பார்க்கும் அவருடைய தங்கை வழியாக அவரிடம் வந்து சேர்ந்திருந்தது.

“சார், ‘வேம்பயர்’னு அப்படியே போட்டா நீங்க ஏசுவீங்கன்னு தெரியும். அதான் ‘இரத்தக்காட்டேரி’ன்னு எழுதிட்டேன். சரிதானே?”

“வேண்டாம். வேம்பயர் என்றே எழுதுங்கள்.”



“சார், நீங்கதானா பேசுறீங்க? ‘பஸ்’னு எழுதுனதுக்கு எனக்குச் செவப்புப் பேனாவால வட்டம் போட்டவரு நீங்க.”

வட்டம் போட்டது உண்மை. முப்பத்தோர் ஆண்டுகள் சிவப்புப் பேனாவும் நானுமாக வாழ்ந்தோம். அயற்சொல்லைக் கண்டால் என் கை தானாக நீளும். அப்படிப்பட்டவன் ஒரு தமிழ்ச்சொல்லை விலக்கி ஆங்கிலச் சொல்லை வைக்கச் சொன்னால் அவர் வியப்பதில் பிழையில்லை. காரணம் கேட்டார். தொலைபேசியில் சொல்லக்கூடியதாக அது இல்லை. “இடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்று மட்டும் கூறினேன். இளைய மொழிபெயர்ப்பாளர்கள் என் பணி அனுபவத்தை எழுதித் தருமாறு நெடுநாளாகக் கேட்டு வருகிறார்கள். நானும் தட்டிக் கழித்து வந்தேன். அவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் கலைவாணிக்குச் சொல்ல வேண்டியதும் ஒன்றே என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் ஈப்போ நகரத்துப் பிள்ளை. தந்தையார் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். வீட்டில் இலக்கணப் புத்தகங்கள் இருந்தன. இரப்பர்த் தோட்டப்புறத்தில் ஓர் இரவுகூட நான் தங்கியதில்லை. மலாயையும் புத்தகத்தில்தான் கற்றேன். தேர்வெழுதித் தேறி, ஆறு மாதப் பயிற்சி முடித்து, கிந்தா பள்ளத்தாக்கின் சிறிய நீதிமன்றம் ஒன்றில் பணியில் அமர்ந்தேன். எந்த ஊர் நீதிமன்றம் என்று எழுதப்போவதில்லை. பிழை அந்தக் கட்டடத்தினுடையது அன்று.

எங்கள் தலைமை மொழிபெயர்ப்பாளர் காதர் ஐயா. பினாங்கில் பிறந்த தமிழ் முஸ்லிம். தகப்பனாரின் உணவுக்கடையில் தட்டு கழுவிக்கொண்டே நான்கு மொழிகளைக் காதால் கற்றவர். வெள்ளைச் சட்டை, கறுப்புச் சொங்கோக்குத் தொப்பி, பையில் மடக்கிய மூக்குக் கண்ணாடி. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. காலையில் வழக்குகள் தொடங்குவதற்கு முன் எங்களை நிறுத்தி, பேருந்தில் வரும்போது காதில் விழுந்த பேச்சை அப்படியே சொல்லச் சொல்வார். ஒரு சொல் மாறினாலும் விரலை உயர்த்துவார். மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

“தம்பி, சாட்சி கூண்டுல ஏறுனதும் ஒன் வாயி ஒனக்குச் சொந்தமில்ல. சாட்சி ‘மயிரு’ன்னா நீயும் ‘மயிரு’ம்பே. ‘கேசம்’னு சொன்னே, எங்க வாப்பா கடைக்குத் தட்டு கழுவ அனுப்பிருவேன்.”

நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்கமாட்டார்.

அவர் வகுத்த நடைமுறை இது. சாட்சிக்கு இடப்புறம், அரையடி பின்தள்ளி நிற்க வேண்டும். சாட்சி ‘நான்’ என்றால் நாமும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘அவர் கூறுகிறார்’ என்று விலகிக்கொள்ளக் கூடாது. ஊரார் மாஜிஸ்திரேட் என்றழைக்கும் நடுவர், அந்நாளில் சாட்சியத்தைத் தம் கைப்படவே எழுதுவார். ஆகவே நம் கண் அவருடைய பேனாவின்மேல் இருக்க வேண்டும். பேனா நின்ற பிறகே அடுத்த தொடரைத் தொடங்க வேண்டும். எல்லாவற்றிலும் முதன்மையானது ஒன்று. சாட்சி சொன்னது ஐயத்துக்கிடமாக இருந்தால் ஊகிக்கக் கூடாது. நடுவரை நோக்கி, “துவான், சாட்சியிடம் விளக்கம் கேட்க அனுமதி வேண்டுகிறேன்” என்று சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். இத்தொடரை நாள்தோறும் எங்களைச் சொல்லவைப்பார்.

எல்லாவற்றையும் கற்றேன். ஆனால் என்னிடம் அவர் காணாத ஒரு பழக்கம் இருந்தது. தோட்டத்து மக்களின் கொச்சையைக் கேட்டதும் மனத்துக்குள் முதலில் அதைச் செந்தமிழாக்கிக்கொள்வேன். அதன் பிறகே மலாயாக்குவேன். ‘வாரேன்’ என்பது ‘வருகிறேன்’ ஆகும். ‘போவல’ என்பது ‘போகவில்லை’ ஆகும். இடையில் ஒரு படிக்கட்டு. அதனால் என் மொழிபெயர்ப்பு துல்லியமாகிறது என்று நம்பியிருந்தேன். மனத்துக்குள் நடப்பதை யார் கேட்க முடியும்?

பணியின் நான்காம் ஆண்டில் இராஜம்மாள் வந்தார். முப்பது வயதிருக்கும். கோப்பெங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இரப்பர் மரத்தில் பால் வெட்டும் தொழிலாளி, கணவர் இறந்துவிட்டார். நான்கு வயது மகள் பொன்னி, ஒரு காலை நேரத்தில் நெடுஞ்சாலையோரம் தனியே நடந்துகொண்டிருந்ததை லாரி ஓட்டுநர் ஒருவர் கண்டு காவல் நிலையத்தில் ஒப்படைத்திருந்தார். குழந்தை காப்பகத்துக்குப் போயிற்று. தாயிடம் அதைத் திருப்பித் தரலாமா என்பதே அன்றைய விசாரணை. அவருக்கு வழக்கறிஞர் இல்லை. கோயிலுக்குள் வருவதுபோலச் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். சேவகர் அதட்டிப் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

நடுவர் ஒரு பெண்மணி, பொறுமையுள்ளவர். வேலைக்குப் போகும்போது குழந்தையை யாரிடம் விட்டுச் சென்றாய் என்று மலாயில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

“காட்டேரிகிட்ட விட்டுட்டுப் போனேங்க. நாங்க எல்லாரும் அங்கதான் விடுவோம்.”

‘காட்டேரியிடம்’ என்று என் மனம் திருத்திக்கொண்டது. ‘யாரிடம்’ என்ற வினாவுக்கு ‘காட்டேரியிடம்’ என்பது இலக்கணப்படி நேரான விடை. மலாயில், ஓர் ஆளிடம் ஒன்றை ஒப்படைப்பதைக் குறிக்கும் ‘கெப்பாடா’ என்ற எழுத்துமொழிச் சொல்லையே பொறுக்கி எடுத்தேன்.

பேனா நின்றது. திரும்பச் சொல்லுமாறு நடுவர் பணித்தார். சொன்னேன். காட்டேரி என்றால் என்ன என்று என்னையே கேட்டார். ‘இரத்தம் உறிஞ்சும் பேய்’ என்றேன். அகராதியில் அப்படித்தான் இருக்கிறது. பின்வரிசையில் ஒரு காவலர் சிரிப்பை அடக்க முயன்று தோற்றார்.

நான் சொன்ன ‘ஹந்து’ என்ற மலாய்ச் சொல் பேயைக் குறிக்கும் என்பது இராஜம்மாளுக்குத் தெரியும். திடுக்கிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அய்யோ, பேயில்லீங்க. சாமிங்க அது. எங்களக் காக்குற சாமி.”

‘அது பேயன்று, கடவுள், எங்களைக் காக்கும் கடவுள்’ என்று மலாயில் சொன்னேன்.

அந்தக் கடவுளுக்கு என்ன கொடுப்பீர்கள் என்றார் நடுவர்.

“ஆடி மாசம் கோழி அறுப்போம்ங்க. ரத்தத்த சோத்துல கலந்து படைப்போம்.”

அதையும் சொன்னேன். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. பேனா வேகமாக எழுதியது.

இராஜம்மாளை மனநலப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், அதுவரை குழந்தை காப்பகத்தில் இருக்க வேண்டும் என்று ஆணையாயிற்று. அதைத் தமிழில் அவருக்கு எடுத்துச் சொல்வதும் என் கடமை. கேட்டு முடித்தபின் அவர் நடுவரைப் பார்க்கவில்லை.

“நான் என்னாங்க தப்பா சொன்னேன்?” என்று என்னைக் கேட்டார்.

சாட்சி சொல்வது எதுவாயினும் மொழிபெயர்க்க வேண்டும் என்பது விதி. நடுவரை நோக்கி அதை மலாயாக்கினேன். அவர் மறுமொழி கூறாமல் அடுத்த வழக்கின் கோப்பை எடுத்தார். மறுமொழி இல்லாததால் நானும் இராஜம்மாளிடம் எதையும் சொல்லவில்லை.

ஐந்து திங்கள் கழித்து, லாரி கவிழ்ந்த வழக்கொன்றில் இடத்தை நேரில் பார்வையிட நடுவருடன் நானும் சென்றேன். அது அதே தோட்டம் என்பதைக் கிளம்பும்போது நான் கவனிக்கவில்லை. பாதி இரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்மண் கிடந்தது. வயதான சாட்சி ஒருவர் கையை நீட்டிச் சொன்னார்:

“அந்தா, காட்டேரிகிட்டதாங்க லோரி பெரண்டுச்சு.”

திரும்பிப் பார்த்தேன். ஆலமரத்தடியில் மஞ்சள் பூசிய ஒரு கல், எலுமிச்சம்பழம் குத்திய சூலம். அதையொட்டித் தகரக் கொட்டகை. கொட்டகையின் குறுக்குக் கட்டையில் வரிசையாக ஆறேழு இடங்களில் மரம் வழவழவென்று தேய்ந்திருந்தது. தூளிக் கயிறு தேய்த்த தடங்கள். ஓரிடத்தில் பழம்புடவைத் தூளி ஒன்று முடிச்சோடு இன்னும் தொங்கியது. கீழே பிள்ளைகள் பால் குடிக்கும் தகரக் குவளைகள் கிடந்தன.

“இது என்ன இடம், ஐயா?” என்றேன்.

“புள்ளைங்கள விடுற எடம்லா. தோட்டத்த விக்கப் போறாங்கன்னு ஆயாக் கொட்டகைய மூடிட்டானுங்க. அதான் பொம்பளைங்களே சேந்து இங்க போட்டுச்சுங்க. ஒவ்வொரு நாளும் ஒரு பொம்பள வெட்டுக்குப் போவாம இருந்து பாத்துக்கும். ஒரு நாளு, பாத்துக்குற பொம்பள தண்ணி எடுக்கப் போன நேரம், ராஜம்மா புள்ள ரோட்டுக்கு ஓடிருச்சு. பாவம் அது. கோர்ட்டுல பைத்தியம்னு சொல்லிட்டாங்களாம்.”

முனியாண்டிகிட்ட, மாரியம்மாகிட்ட, காட்டேரிகிட்ட. தோட்டத்தில் இடங்களுக்குச் சாமிகளே பெயர். ‘கிட்ட’ என்றால் அருகில். நான்கு ஆண்டுகள் அந்த மக்களின் வாயாக இருந்தவனுக்கு இது தெரியாது. அவர் ‘அங்க’ என்று சொன்னார். இடத்தைக் குறிக்கும் அச்சொல் என் காதில் விழுந்தது. அதையும் சரியாகவே மொழிபெயர்த்தேன். அப்போதும் எனக்கு விளங்கவில்லை.

முதியவருடைய வாக்குமூலத்தை மொழிபெயர்த்து முடித்தேன். அவரிடம் நான் யாரென்று சொல்லவில்லை.

அன்று பிற்பகலே காதர் ஐயாவிடம் சென்றேன். முழுவதையும் கேட்டார். கோப்பி ஆறிப்போயிற்று.

“அந்தப் பொம்பள என்னா சொன்னுச்சு? அப்படியே சொல்லு.”

“குழந்தையைக் காட்டேரியிடம்...”

விரல் உயர்ந்தது. “ஒன் தமிழ் வேணாம். அது சொன்னதச் சொல்லு.”

“காட்டேரிகிட்ட விட்டுட்டுப் போனேங்க.”

“மலாயில?”

“கெப்பாடா.”

மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“‘டெக்காட்’னு சொல்லிருந்தா போதும்லா தம்பி. பசார்ல மீன் விக்கிறவன் பேசுற மலாய். பக்கத்துலன்னாலும் ‘டெக்காட்’தான், ஆளுகிட்டன்னாலும் ‘டெக்காட்’தான். நம்ம ‘கிட்ட’ மாரியே. ஆளா எடமான்னு மாஜிஸ்திரேட்டே கேட்டிருப்பாங்க.” கண்ணாடியை மடக்கிப் பையில் வைத்தார். “இல்லாட்டி நீ கேட்டிருக்கணும்.”

அதற்குமேல் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. வெள்ளைத்தாளை என் முன் தள்ளினார். என் பிழையை நானே எழுதிக் கையொப்பமிட்டேன். அவர் என்னை நடுவரிடம் அழைத்துச் சென்றார். அந்த அம்மையார் அதை இரண்டு முறை படித்தார். பின் அந்த வழக்கின் கோப்பை வரவழைத்தார்.

இராஜம்மாளுக்கு மனநோய் ஏதுமில்லை என்று மூன்றாம் வாரமே சான்று கொடுத்து வெளியே அனுப்பியிருந்தார்கள். அடுத்த விசாரணைக்கான கடிதம் தோட்டத்து முகவரிக்குப் போயிருந்தது. அதற்குள் அவர் இருந்த லயத்து வீடுகளை இடித்துவிட்டார்கள். கடிதம் திரும்பி வந்தது. விசாரணைக்குத் தாய் வரவில்லை என்று பதிவாயிற்று. குழந்தையை வேறு மாநிலத்தில் ஒரு குடும்பம் வளர்க்க ஏற்றுக்கொண்டது. அக்குடும்பத்தின் விவரம் முத்திரையிட்ட உறைக்குள் போயிற்று. தாய் விண்ணப்பித்தால் மறுபடி விசாரிக்கலாம் என்றார்கள். தாய் எங்கே என்று எவருக்கும் தெரியவில்லை. காதர் ஐயா மூன்று முறை நலத்துறை அலுவலகத்துக்கு நடந்தார். மூன்றாம் முறை திரும்பி வந்தவர் சொங்கோக்கைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, “இல்ல தம்பி” என்றார்.

அந்த வாரந்தான் முகப்பு எழுத்தர் ஒரு செய்தி சொன்னார்.

“சார், கொஞ்ச மாசம் முன்ன ஒரு பொம்பள ரெண்டு தடவ வந்துச்சு. ஜுருபாசாவப் பாக்கணும்னு. நீங்க கேஸ்ல இருந்தீங்க, அப்பறம் வான்னு அனுப்பிட்டேன்.”

ஜுருபாசா என்பது மொழிபெயர்ப்பாளருக்கு வழங்கும் மலாய்ப் பெயர்.

“எதற்கு என்று சொன்னாரா?”

“புள்ள வெசயமாம். ‘அன்னிக்கு என் பேச்சு வெளங்குனது அவரு ஒருத்தருக்குத்தான்’னு சொல்லுச்சு.”

கோப்பெங், காம்பார், லகாட் என்று விடுமுறை நாள்களில் தேடினேன். தோட்டம் கலைந்தவர்கள் போய்ச் சேர்ந்த குடியிருப்புகளில் விசாரித்தேன். பொந்தியானில் தம்பி வீட்டில் இருக்கிறார் என்றார் ஒருவர். கிள்ளானில் தொழிற்சாலை வேலை என்றார் இன்னொருவர். இரண்டு இடங்களுக்கும் போனேன். அதன்பின் எஞ்சிய பணிக்காலம் முழுவதும், சாட்சிப் பட்டியல் கைக்கு வந்தால் பொன்னி என்ற பெயர் இருக்கிறதா என்றே முதலில் பார்ப்பேன். வளர்ப்பவர்கள் பெயரை மாற்றியிருப்பார்கள் என்பது தெரிந்தும் பார்த்தேன்.

மற்றொரு மாற்றமும் நேர்ந்தது. சாட்சி எந்தச் சொல்லைச் சொன்னாலும் அனுமதி பெற்று ‘எந்த’ என்று கேட்கத் தொடங்கினேன். எந்த மாமா, எந்தப் பாலம், எந்தச் சாமி. வழக்குகள் நீண்டன, வழக்கறிஞர்கள் முணுமுணுத்தார்கள். அலுவலகத்தில் எனக்கு ‘எந்த சார்’ என்று பெயர் வைத்தார்கள். கலைவாணிக்கும் அப்பெயர் தெரியும், காரணந்தான் தெரியாது.

ஒரு வார நாள் காலையில் அவரும் நானும் பூங்காவுக்குச் சென்றோம். புதிர்வழி இன்னும் பொதுமக்களுக்குத் திறக்கப்படவில்லை, ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. கறுப்புத் திரை, செயற்கைப் புகை, ஒலிபெருக்கியில் ஓநாயின் ஊளை. சவப்பெட்டியின் மூடி தானாகத் திறந்து மூடியது. கலைவாணி அலறிக்கொண்டும் தம் அலறலைக் கேட்டுத் தாமே சிரித்துக்கொண்டும் முன்னே ஓடினார். எனக்கு அச்சம் தோன்றவில்லை. வண்ணப்பூச்சின் மணம் இன்னும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

மூன்றாவது வளைவில் ஒரு குழந்தையறை. செவ்விளக்கின் கீழ், உத்தரத்திலிருந்து தொங்கிய தொட்டில் ஒன்று இயந்திரத்தால் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே கழுத்தில் இரண்டு சிவப்புப் புள்ளிகளோடு ஒரு பொம்மை. கட்டையில் கயிறு உராயும் இடத்தை என் கண்கள் தேடின. அந்தக் கட்டை புதியது. அதில் தடம் எதுவும் இல்லை.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. திரைக்குப் பின்னாலிருந்து கறுப்பு அங்கியும் கோரைப்பற்களுமாக ஓர் உருவம் சீறிக்கொண்டு பாய்ந்தது. நான் நகரவில்லை. உருவம் தயங்கிற்று, என் முகத்தை உற்றுப் பார்த்தது, சட்டென்று பற்களைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டது.

“தாத்தா, ஓக்கேவா? நெஞ்சு ஏதும் வலிக்குதா? பயப்படாதீங்க, நான் ஸ்டாஃப்லா. வாங்க, இந்தப் பக்கம் கதவு இருக்கு.”

என் முழங்கையைப் பிடித்து வெளியே வெயிலுக்கு அழைத்து வந்தாள். நெகிழி நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து கொடுத்தாள். இருபது வயதுக்கு மேல் இராது. பழக்கத்தால் என் கண் அவள் அங்கியில் குத்தியிருந்த பெயரட்டைக்குப் போயிற்று. தர்ஷினி.

“எல்லாரும் கத்துவாங்க, நீங்க ஒருத்தருதான் அழுதுட்டீங்க” என்றாள். “எங்க சூப்பர்வைசர் கேட்டா எனக்கு போனஸ் குடுப்பாரு.”

நான் அழுததை அவள் சொல்லித்தான் அறிந்தேன்.

“எங்கம்மாகிட்ட சொல்லிறாதீங்க தாத்தா. டிக்கெட் கௌண்டர்ல வேலன்னு சொல்லிருக்கேன். இந்த வேசம் தெரிஞ்சா ஏசும். எங்க கொலசாமியே காட்டேரி. எஸ்டேட்ட வித்தப்ப எங்க தாத்தாதான் கல்ல லோரில தூக்கிட்டு வந்தாராம்.”

கலைவாணி என்னைத் தேடி மறுபுறத்திலிருந்து வருவது தெரிந்தது. தண்ணீரைக் குடித்து முடித்தேன்.

“வீடு எங்கே, அம்மா?”

“லகாட் தாண்டிதான் தாத்தா. காட்டேரிகிட்ட.”

நான் புட்டியை மூடினேன். 

“எந்தக் காட்டேரி, அம்மா?”

“கோயிலுதான்லா தாத்தா. சின்னக் கோயிலு, பஸ் ஸ்டாப் பக்கத்துல. யார கேட்டாலும் சொல்வாங்க.”

அவ்வளவுதான். அவள் விடை சொல்லி முடிக்க மூன்று நொடிகூட ஆகவில்லை.